நெடும்பயண வண்டியும் நெடுநாள் வாக்கும்

ஆந்திரப் பிரதேசத்தின் சத்தியவேடு வட்டாரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மதனபாளையத்தில், ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு 2018 மார்ச் 23 அன்று அன்றைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அடிக்கல் நாட்டினார். 1,600 கோடி ரூபாய் முதலீடு, முழுமையடையும்போது ஆண்டுக்கு 18 லட்சம் வண்டிகள் என்ற கணக்கோடு தொடங்கப்பட்ட அந்த ஆலை, நிறுவனத்துக்கு இந்தியாவில் ஆறாவது, உலக அளவில் எட்டாவது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, 2022 ஏப்ரல் 4 அன்று புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிமுகமான ஹீரோவின் விடா மின்ஸ்கூட்டர் இந்த ஆலையில்தான் உற்பத்தியாகிறது. ஆனால், எல்லையின் இருபுறமும் உள்ள மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள் ஹீரோவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், இங்கே தயாராகும் வண்டியைவிட, எக்ஸ்பல்ஸ் 421 என்ற பெயரில் சில ஆண்டுகளாகப் பேச்சாகவே உலவிவரும் பெரிய நெடும்பயண வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எடை எவ்வளவு, எப்போது வரும், வருமா வராதா என்று நீளும் அந்தப் பேச்சு, சிறிது நேரத்தில் வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது: 100 சிசி வண்டிகளை விற்றே உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகன நிறுவனங்களுள் ஒன்றான ஹீரோ, இனி எந்தத் திசையில் போகப்போகிறது?

இந்த ஊகப் பேச்சை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமும் இல்லை, பயனுடையதும் இல்லை. ஒரு பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதைச் செய்பவரின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு விவாதிப்பது இந்தியச் சந்தையில் அரிதான நிகழ்வு. குறை ஒன்று உண்டு. வண்டி எப்போது வரும் என்று கேட்பவர்கள், வந்த வண்டியை நிறுவனம் எத்தனை ஆண்டு கைவிடாமல் காக்கும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். நெடும்பயண வண்டியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முதன்மையானது; நிறுவனத்தின் எதிர்காலத்துக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

பந்தய வண்டி வேகத்துக்காகச் செய்யப்படுவது. அன்றாட வண்டி மைலேஜுக்காகச் செய்யப்படுவது. டூரிங் பைக் என்று ஆர்வலர்கள் அழைக்கும் நெடும்பயண வண்டியோ, இரண்டு பேரும் அவர்களுடைய மூட்டைமுடிச்சும் ஏறிய நிலையில், ஒரே நாளில் நானூறு ஐந்நூறு கிலோமீட்டரை எஞ்சின் திணறாமலும் முதுகு நோகாமலும் கடக்க வேண்டியது. அவற்றில் ஒரு வகை, தார்ச்சாலை முடிந்த இடத்தில் தொடங்கும் மண்பாதையிலும் கல்பாதையிலும் ஓடத்தக்கது; அதற்கு அட்வெஞ்சர் டூரர் என்று பெயர். உயரமான இருக்கை, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிர்வைத் தாங்கும்படி முன்ஃபோர்க்கும் பின்ஷாக்கும் நீளமாக அசையும் அமைப்பு, கல்லில் உரசாதபடி தரையிலிருந்து எஞ்சின் விலகியிருக்கும் உயரம், பள்ளங்களில் சிக்காமல் உருளும் 21 அங்குல முன்சக்கரம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஹீரோ 2019 மே மாதத்தில் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200 இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் இப்படியொரு வண்டியை அதற்குமுன் இந்தியாவில் யாரும் தரவில்லை.

அத்தகைய வண்டிக்கு இங்கே என்ன தேவை என்பதைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சாலைகளே சொல்லும். சென்னையிலிருந்து திருப்பதிக்குத் திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகவும் போகலாம். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகவும் போகலாம். தடாவைத் தொட்டுக் காளஹஸ்தி வழியாகச் சுற்றியும் போகலாம். பெங்களூருக்குப் போகும் பழைய பாதை சித்தூரைக் கடந்து, மொகிலி கணவாயில் ஏறி, பலமநேர் மேட்டுநிலத்தை அடைகிறது. அதன் ஒரு பக்கம் யானைகள் நடமாடும் கவுண்டின்யா சரணாலயம். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளிக்குப் போகிறவர்கள் பாகராப்பேட்டை மலைச்சாலையில் ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தான் தலக்கோணா அருவி. ஒரு காலத்தில் வடஆர்க்காட்டோடு சேர்ந்திருந்து, 1911இல் சித்தூர் மாவட்டமாகப் பிரிந்து, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் இருமொழி பேசும் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் வாழும் நிலம் இது. வார இறுதியில் விடியற்காலையிலேயே கிளம்பிவரும் சென்னை வண்டிக்காரருக்கும் புத்தூர் டீக்கடைக்காரருக்கும் இடையே பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இவற்றுள் திருமலைச் சாலை தனித்து நோக்கத்தக்கது. பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி அமைந்து 1944 ஏப்ரல் 10 அன்று திறக்கப்பட்ட முதல் மலைச்சாலை இன்று இறங்குவதற்கும், 1970களில் வந்த இரண்டாவது சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்த துயரத்துக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில் இருசக்கர வண்டிகளுக்குக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை என்று தேவஸ்தானம் நேரம் வகுத்தது. கொண்டையூசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் அந்த இறக்கத்தில் ஒரு வண்டியின் உண்மையான குணம் வெளிப்பட்டுவிடும். பின்னால் ஒருவர், டேங்க் மேல் ஒரு பை, இருபுறமும் கட்டிய மூட்டைகள் என்று சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினால் டிஸ்க் சூடேறும். அதன் சூடு பிரேக் எண்ணெயில் ஏறினால் லீவர் கையோடு வந்துவிடும். ஆகவே இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சினின் இழுப்பையே கடிவாளமாக வைத்துக்கொண்டு, வளைவுக்குமுன் பின்பிரேக்கை மெல்லத் தொட்டு இறங்குவது இந்தப் பாதை தெரிந்தவர்களின் வழக்கம். அப்போது ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உதறுகிறதா, கிளட்ச் விட்டவுடன் பின்சக்கரம் துள்ளுகிறதா, பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் சரிகிறாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடிவாரத்துக்கு வந்தால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் காத்திருக்கும். எஞ்சினைச் சுற்றி நீர்மத்தை ஓடவிட்டு, ரேடியேட்டர் வழியாகச் சூட்டை வெளியேற்றும் லிக்விட் கூலிங் முறை இங்கே ஆடம்பரமாகத் தோன்றாது. ஆனால் அந்த ரேடியேட்டர் விசிறி வெளியே தள்ளும் அனல் ஓட்டுபவரின் தொடையில் படுகிறதா, விலகிப் போகிறதா என்பது வடிவமைத்தவரின் கவனத்தைப் பொறுத்தது. விளம்பரத் தாளில் அச்சாகும் எண்களில் இது எதுவும் இராது.

ஆர்வலர்களின் ஊகம் எதைக் கொண்டு கட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் சான்று, சாலையில் அகப்படும் சோதனை வண்டி. நிறுவனங்கள் தங்கள் முன்மாதிரிகளைக் கறுப்பு வெள்ளைச் சித்திரத் தாள் ஒட்டி, உருவம் புலப்படாதபடி மறைத்து, பொதுச்சாலையில் ஓட்டிப் பார்ப்பது உலக வழக்கம். அப்படியொன்றின் மங்கலான படம் கிடைத்தால், தேர்ந்த ஆர்வலர் பெட்ரோல் டேங்கின் அழகைப் பார்ப்பதில்லை. முன் டிஸ்க்கின் விட்டத்தை சக்கரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணிக்கிறார். சைலன்சர் குழாய் எஞ்சினிலிருந்து ஒன்றாக வருகிறதா இரண்டாக வருகிறதா என்று எண்ணி சிலிண்டர்களை அறிகிறார். பின்சட்டத்தில் பெட்டி மாட்டுவதற்கான துளைகள் விடப்பட்டிருக்கின்றனவா என்று தேடி, அது நெடும்பயணத்துக்குச் செய்யப்பட்டதா, வெறும் தோற்றத்துக்குச் செய்யப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறார். இது சாதாரணக் கவனம் இல்லை. பொறியியல் படிக்காத பலரிடம் இந்தக் கண் இருப்பது போற்றத்தக்கது.

இரண்டாவது சான்று, வடிவமைப்புப் பதிவு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு பொருளின் புறத்தோற்றத்தைப் பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகளுக்கும், பின்பு நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் பிறர் அதைப் பின்பற்ற முடியாது. பதிவான வரைபடம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். வரைபடம் வந்தவுடன் வண்டி வந்துவிட்டதாகவே பலர் கொண்டாடிவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பதிவு தோற்றத்தை மட்டுமே காக்கிறது. அந்த வண்டியைச் செய்வதாக யாருக்கும் உறுதி தருவதில்லை. இவற்றைவிட வலுவானது, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி பெற வேண்டிய மாதிரி ஒப்புதல். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிலையங்களில் முன்மாதிரியைக் கொடுத்து, புகை, ஒலி, பிரேக் முதலியவற்றில் தேறிச் சான்று வாங்கினால்தான் எந்த வண்டியையும் விற்க முடியும். அதுவரை வந்துவிட்ட வண்டி பெரும்பாலும் கடைக்கும் வரும். டீலர் சொன்னார் என்று வரும் சேதியைப் பொறுத்தவரை, அதை நம்பி கையிலிருக்கும் வண்டியை விற்றவர்கள் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

சான்றுகள் இவ்வளவு இருந்தும் ஹீரோவின் பெரிய வண்டி பற்றிய பேச்சில் எப்போதும் ஓர் ஐயம் கலந்திருப்பதற்குக் காரணம், நிறுவனத்தின் வரலாறு. 1984இல் ஜப்பானின் ஹோண்டாவோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஹீரோ ஹோண்டா, 26 ஆண்டுகள் ஹோண்டா கொடுத்த எஞ்சின்களையே ஓட்டியது. அன்றைய இளைஞர்களின் கனவாக 2003இல் வந்த கரிஸ்மாவின் 223 சிசி எஞ்சினும் ஹோண்டாவின் வழிவந்ததே. 2010 டிசம்பரில் பிரிவு முடிவாகி, மறு ஆண்டு ஹீரோ மோட்டோகார்ப் என்ற பெயர் வந்தபோது, விற்பனையில் உலக முன்னணியில் இருந்த நிறுவனம், சொந்தமாக ஓர் எஞ்சினை அடிமுதல் வடிவமைக்கும் பயிற்சி இல்லாத நிலையில் இருந்தது. அதை ஈடுசெய்ய 2013இல் அமெரிக்காவின் எரிக் பியூல் ரேசிங் நிறுவனத்தில் 49.2 விழுக்காடு பங்கை வாங்கியது. அந்தக் கூட்டின் பயனாக 2014 ஆட்டோ எக்ஸ்போவில் எச்.எக்ஸ். 250 ஆர் என்ற 250 சிசி வண்டியும், ஹாஸ்டர் என்ற 620 சிசி முன்மாதிரியும் மேடையேறின. எச்.எக்ஸ். 250 ஆருக்காகக் காத்திருந்தவர்கள் அநேகர். மறு ஆண்டு ஏப்ரலில் அந்த அமெரிக்க நிறுவனம் கடன் தாங்காமல் வீழ்ந்தது. மேடையில் நின்ற இரண்டு வண்டிகளும் சாலைக்கு வரவேயில்லை.

வந்தவற்றின் கதையும் சீரானதாக இல்லை. 2011இல் வந்த இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டி, மண்பாதைக்கு ஏற்ற உடலும் அதற்குப் போதாத எஞ்சினுமாக இருந்தது. எஞ்சினை மாற்றித் தாருங்கள் என்று ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது நின்றுபோனது. அடுத்த வண்டி வர 2019 ஆயிற்று. நெடுஞ்சாலைப் பயணிகளுக்கென்றே எக்ஸ்பல்ஸோடு சேர்ந்து வந்த 200டி என்ற மாதிரி, அண்ணனின் நிழலிலேயே இருந்து மறைந்தது. 2024 தொடக்கத்தில் ஹார்லி டேவிட்சன் எக்ஸ் 440இன் எஞ்சினோடு வந்த மேவ்ரிக் 440, ஹீரோவின் பெயரில் வந்தவற்றுள் மிகப் பெரிய வண்டி. இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அதன் விற்பனை நின்றது. விற்காத பொருளை எந்த நிறுவனமும் செய்துகொண்டே இருக்க முடியாது என்ற வாதம் சரியானதுதான். ஆயினும், ஒவ்வொரு முறையும் முதலில் வாங்கியவரே இழப்பைச் சுமக்கிறார் என்பதும், அடுத்த முறை அவர் காத்திருந்து பார்ப்போம் என்று ஒதுங்க, அந்த ஒதுங்கலே அடுத்த வண்டியின் விற்பனையைக் குறைக்கிறது என்பதும் அதே அளவு சரி.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை எஞ்சியிருக்கிறதென்றால் அதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்பல்ஸை ஹீரோ கைவிடவில்லை. 2021இல் அதன் எஞ்சினுக்கு நான்கு வால்வு வந்தது. 2025 ஜனவரியில் தில்லியில் அறிமுகமான எக்ஸ்பல்ஸ் 210, லிக்விட் கூலிங்கும் ஆறு கியரும் 24.6 குதிரைத்திறனும் பெற்று, முதல் எக்ஸ்பல்ஸ் தந்த 18 குதிரைத்திறனிலிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்கிய வண்டிக்கு இந்த வேறுபாடு சிறியதில்லை. ஒரே பெயரை ஆறு ஆண்டுகளாக விடாமல் பிடித்து, பயன்படுத்தியவர்கள் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவந்த முதல் வண்டி ஹீரோவின் நெடும்பயண வரிசையில் இதுவே. 421 என்ற பேச்சு வெறும் ஆசையிலிருந்து பிறக்கவில்லை. இந்தத் தொடர்ச்சியிலிருந்து பிறந்தது.

மற்றொரு காரணம் பாலைவனப் பந்தயம். 2016இல் தொடங்கிய ஹீரோவின் ராலி அணி, உலகின் கடினமான டக்கார் ராலியில் 2017 முதல் பங்கேற்கிறது. 2020 பந்தயத்தில் தன் வீரர் பாவ்லோ கொன்சால்வெஸைச் சாவுக்குப் பறிகொடுத்த அணி, 2022இல் ஒரு கட்டத்தை வென்றது. 2024இல் போட்ஸ்வானா நாட்டு வீரர் ராஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பெற்றார். இந்திய நிறுவனம் ஒன்று அந்த மேடையில் ஏறியது அதுவே முதல்முறை. பாலைவனத்தில் ஓடும் அந்த 450 சிசி வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: ராலி எஞ்சின் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரித்துப் பூட்டப்படுவது, வீட்டுக்கு வாங்கும் வண்டியின் எஞ்சினோ ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் திறக்கப்படாமல் இருக்க வேண்டும். பந்தயம் சட்டகம், ஷாக் ஆகியவற்றைப் பற்றிய அறிவைத் தரும். உழைப்பைத் தாங்கும் எஞ்சினை அது தராது.

இனி, காசுக் கணக்கு. 2024-25 நிதியாண்டில் ஹீரோ ஏறத்தாழ 59 லட்சம் வண்டிகளை விற்றது. பெரும்பங்கு 100 முதல் 125 சிசி வரையுள்ளவை. அந்தக் கோட்டையிலேயே இப்போது ஹோண்டா நெருங்கி வந்து, 2025 பிப்ரவரி போன்ற சில மாதங்களில் உள்நாட்டு விற்பனையில் முந்தியும் காட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் தலைமைச் செயல் அலுவலர் நிரஞ்சன் குப்தா விலக, இடைக்காலப் பொறுப்பில் விக்ரம் கஸ்பேகரும், அவரையடுத்து 2026 ஜனவரியில் ஹர்ஷவர்தன் சித்தலேயும் வந்தார்கள். தலைமை மாறும்போது பெரிய வண்டித் திட்டங்கள் தள்ளிப்போகும் என்ற அச்சம் ஆர்வலர்களிடம் இருப்பது இயல்பே. ஆனால் தலைமை மாற்றத்தைவிட வலுவான தடை ஒன்று 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த புதிய ஜி.எஸ்.டி. விகிதப்படி, 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, மேல்வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. வரிக்குமுன் இரண்டு லட்சம் ரூபாய் பெறும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால், 349 சிசி என்றால் வரி 36,000 ரூபாய். 421 சிசி என்றால் 80,000 ரூபாய். இடையில் 44,000 ரூபாய். நகரியில் கைத்தறி, விசைத்தறி நடத்துபவரின் மகனோ, மதனப்பள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவரோ அந்தத் தொகையைச் சும்மா விட்டுவிட மாட்டார். 350 சிசியைத் தாண்டியதெல்லாம் சொகுசு என்று கருதும் இந்த வரிக்கோடு, இந்திய நிறுவனங்கள் பெரிய எஞ்சின் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் போடப்பட்டது வருந்தத்தக்கது. ஏற்றுமதிச் சந்தையில் பெரிய வண்டியே மதிப்பைத் தருகிறது. ஆனால் வீட்டில் விற்காததை வெளியில் மட்டுமே விற்று நெடுநாள் நிலைப்பது கடினம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய அந்த நிறுவனம், 2000ஆம் ஆண்டு வாக்கில் மூடப்படலாம் என்ற நிலையில் இருந்து மீண்டு, 2024-25இல் முதன்முறையாக ஓராண்டில் 10 லட்சம் வண்டிகளைக் கடந்தது. அது 2016இல் கொண்டுவந்த ஹிமாலயனை முதலில் வாங்கியவர்கள் பட்ட தொல்லைகள் ஊரறிந்தவை. நிறுவனம் அந்தப் பெயரை மூடிவைக்காமல், குறைகளைத் திருத்தித் திருத்தி ஏழு ஆண்டுகள் ஓட்டி, 2023 நவம்பரில் முற்றிலும் புதிய 452 சிசி எஞ்சினோடு மறுபடி கொண்டுவந்தது. இன்று 750 சிசி ஹிமாலயன் பற்றிய ஊகத்தில், வருமா என்ற ஐயத்தைவிட எப்போது என்ற ஆவலே மேலோங்கியிருப்பதன் காரணம் அதுவே. ஹீரோவிடம் பணமும் ஆலையும் அறிவும் என்ஃபீல்டைவிடக் குறைவாக இல்லை. குறைவாக இருப்பது இந்த வகை வண்டியில் விடாப்பிடி.

கைவிடப்பட்ட வண்டி என்றால் என்ன என்பதை நெடும்பயணம் போகிறவரே நன்கு அறிவார். 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் முதலில் கேட்டது ஸ்பேர் கிடைக்குமா என்பதைத்தான்; மறுமாதமே ஹீரோ பொறுப்பேற்ற பிறகுதான் அந்தக் கலக்கம் தணிந்தது. அப்படிப் பிறர் வண்டிகளுக்குக் காவலாக நின்ற நிறுவனம் தன் சொந்தப் பெரிய வண்டிகளுக்கும் அதே காவலைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. ஸ்பிளெண்டர் ஒன்று பலமநேரில் நின்றுபோனால் கிளட்ச் கேபிளும் செயின் ஸ்பிராக்கெட்டும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஹீரோவின் உண்மையான செல்வம் இதுவே. உலகின் வேறெந்தப் பெரிய வண்டி நிறுவனத்துக்கும் இந்தியாவின் மண்டல ஊர்களில் இப்படியொரு வேர் இல்லை. ஆனால் 2023 அக்டோபரில் கோழிக்கோட்டில் முதல் கடையோடு தொடங்கிய பிரீமியா என்ற தனி விற்பனையகங்கள் வழியாக உயர்விலை வண்டிகளை விற்கும் புதிய ஏற்பாடு, பெரிய நகரங்களை நோக்கியே போகிறது. ரேடியேட்டர் குழாய் வெடித்த ஒரு நெடும்பயண வண்டி, நகரத்துப் பளபளப்பான கடையின் வாசலில் நின்றுபோவதில்லை. மொகிலி ஏற்றத்தில்தான் நிற்கும். சிற்றூர் வலையைப் பெரிய வண்டிக்கும் பயன்படுத்தும் வழி தெரிந்தால், என்ஃபீல்டும் கேடிஎம்மும் தர முடியாத ஒன்றை ஹீரோ தர முடியும்.

சத்தியவேட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த வட்டாரம் பத்தாண்டுக்குள் வாகனத் தொழில் நிலமாக மாறியிருக்கிறது. ஸ்ரீசிட்டி தொழில்நகரில் 2016 முதல் இசுசு ஆலை இயங்குகிறது. அதற்கு அருகில் சின்னபண்டூரில் 2020இல் அப்பல்லோ டயர் ஆலை தொடங்கியது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமரராஜா பேட்டரி நெடுங்காலமாக இருக்கிறது. டயரும் பேட்டரியும் வண்டியும் ஒரே வட்டாரத்தில் உற்பத்தியாகும் இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. ஆயினும் ஹீரோவின் ஆராய்ச்சி ஜெய்ப்பூரிலும், ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகிலும் நடக்கிறது. சத்தியவேடு மண்ணில் பூட்டும் வேலை மட்டுமே நடக்கிறது. நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை கிடைப்பது நல்லதே. ஆனால் அவர்கள் எந்த மாதிரியைப் பூட்டுவார்கள், எத்தனை ஷிப்டு ஓடும் என்பதை வேறெங்கோ இருப்பவர்களே முடிவு செய்யும்வரை, அந்த வேலையின் எதிர்காலம் அவர்கள் கையில் இராது. ஆர்வலருக்கு அடுத்த வண்டி ஓர் ஆவல், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வாசலில் நிற்கும் இளைஞருக்கு அது வாழ்க்கை.

இந்த நிலையை மாற்ற வட்டாரத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. திருமலை இறக்கமும் பாகராப்பேட்டை வளைவுகளும் மே மாத வெயிலும் புத்தூர் பக்கத்துக் கல்பாதையும் ஒரு நெடும்பயண வண்டிக்கு இயற்கை அமைத்துத் தந்த சோதனைக்களம். ஜெய்ப்பூர் தடங்களில் ஒருசேரக் கிடைக்காத சுமை, சூடு, ஏற்றம் ஆகிய மூன்றும் இங்கே ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கின்றன. ஏர்ப்பேட்டில் 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி. இருக்கிறது, ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது, ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி அரை நூற்றாண்டைக் கடந்தது. இவற்றோடு சேர்ந்து, வண்டிகளின் உழைப்பையும் தேய்மானத்தையும் ஆராயும் ஒரு சோதனைப் பிரிவை நிறுவுவதற்கு ஆந்திர அரசு நிபந்தனையோடு கூடிய சலுகை தரலாம். முதலீட்டு ஒப்பந்தங்களில் எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை வேலை என்று மூன்று எண்களைக் கேட்டுப் பழகிய அரசுகள், எத்தனை பொறியாளர்கள் இங்கேயே வடிவமைப்பார்கள் என்ற நான்காவது எண்ணையும் கேட்க வேண்டும்.

ஆர்வலர்களும் தங்கள் கேள்வியை மாற்ற வேண்டும். 421 வந்தாலும், வரிக்கோட்டுக்கு அஞ்சி 350 சிசிக்குள் சுருங்கி வந்தாலும், அறிமுக நாளில் குதிரைத்திறனையும் விலையையும் கேட்டுவிட்டுக் கைதட்டிக் கலையாமல், விற்பனை நின்ற பிறகும் எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கிளட்ச் தட்டு, ரேடியேட்டர், முன்ஃபோர்க் சீல், பின்ஷாக் ஆகியவற்றின் விலைப்பட்டியலை அன்றே வெளியிடக் கேட்க வேண்டும். பலமநேர், மதனப்பள்ளி, புத்தூர், காளஹஸ்தி போன்ற ஊர்களில் இருக்கும் பழைய ஹீரோ சர்வீஸ் சென்டர்களின் மெக்கானிக்குகளுக்குப் புதிய எஞ்சினில் பயிற்சி கொடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். எச்.எக்ஸ். 250 ஆருக்குக் காத்திருந்தவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பே பெறவில்லை. மேவ்ரிக் வாங்கியவர்கள் வாங்கிய பிறகு கேட்டார்கள்.